விதை பொறுக்குகிறவர்களின் பூங்கா

ஆனி கடைசியில் ஆரோவிலை ஒட்டிய கிராமத்து நாற்றங்கால் ஒன்றுக்குப் போயிருந்தேன். கொட்டகைத் திண்ணையில் நான்கைந்து பெண்கள் நாவல்பழக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து சதையைப் பிசைந்து கொட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விரல்களெல்லாம் ஊதா. பிரித்த கொட்டையை வெயிலில் பரப்பாமல் நிழலில், ஈரச் சாக்கின் மேல் போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு மூத்தவர் சொன்னார்: “நாவக்கொட்ட காஞ்சா செத்துப்போவும் கண்ணு. இன்னிக்கு எடுத்தா நாளைக்கு மண்ணுல இருக்கணும். வேம்புக்கு ரெண்டு வாரம் கெடு. இலுப்பையும் தாங்காது.”

இப்படிப்பட்ட விதைகளை வாங்கி அலமாரியில் அடுக்கிவைக்க முடியாது. மரம் பழுக்கும் நாளில் அதன் அடியில் ஆள் நிற்க வேண்டும். எந்த ஊர் ஏரிக்கரையில் எந்த மரம் எப்போது உதிர்க்கும் என்பது இந்தப் பெண்களுக்கு மனப்பாடம். கோயில்காட்டு மரமென்றால் கிளையைத் தொடுவதில்லை. கீழே கிடப்பதில் கொஞ்சம் பொறுக்குவார்கள், மீதி பறவைக்கும் எறும்புக்கும்.

சரக்கொன்றை நேர்மாறு. முழநீளக் கருங்காயை உடைத்தால் உள்ளே தட்டுத்தட்டாக அறைகள், அறைக்கொரு விதை. பல மாதம் வைத்திருந்தாலும் கெடாது. ஆனால் அப்படியே விதைத்தால் லேசில் முளைக்கவும் செய்யாது. ஓர் இளம்பெண் ஒவ்வொரு விதையாக எடுத்துச் சிமெண்டுத் தரையில் ஒரே பக்கமாகத் தேய்த்தார். பழுப்புத் தோல் விலகி வெளிறிய புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட்டார். இன்னும் இரண்டு தேய் தேய்த்தால் பருப்பு அடிபடும் என்றார். தேய்த்ததை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, உப்பியதை மட்டும் தாய்ப்பாத்திக்கு அனுப்புகிறார்கள். உப்பாதது மறுநாள் மீண்டும் தரைக்கு வரும்.

நாற்று பைக்கு மாறிய பிறகும் கைவேலை ஓய்வதில்லை. செம்மண், மணல், மக்கிய சாணி எரு கலந்த பைகள் வரிசையாக நிற்கின்றன. வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கிவிடாதபடி அவ்வப்போது பைகளைத் தூக்கி இடம் மாற்றி, வெளியே நீட்டிய வேரை நறுக்குகிறார்கள். பைக்குள்ளேயே ஆணிவேர் சுருண்டுவிட்ட நாற்றை மேற்பார்வையாளர் ஒதுக்கிவைக்கச் சொன்னார். இலையைப் பார்த்தால் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. “பத்து வருசம் நல்லாத்தான் இருக்கும். அப்புறம் ஒரு புயல்ல தெரியும்” என்றார்.

வீரை, காசான், காட்டு எலுமிச்சை, உலக்கைப்பாலை என்று இங்கே வளர்பவை சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காட்டுக்கு உரியவை. அந்தக் காடு பெரும்பாலும் அழிந்து, புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு போன்ற துண்டுகளாக மிஞ்சியிருக்கிறது. சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவும் இதே இனக் காடுதான். இலை சிறுத்து, தடித்து, கோடையிலும் உதிராமல் நிற்கும்; வளர்ச்சி மட்டும் ஆமை வேகம். உலக்கைப்பாலையின் நாற்றில்தான் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுகிறார்கள் என்பதால் அதன் வேரின் உறுதி தோட்டக்காரர்களுக்குப் பழக்கமானது.

இந்த இனங்கள் பொதுப்பூங்காவுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை அடையாற்றுத் தொல்காப்பியப் பூங்கா சாட்சி. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் கழிமுக நிலம் அது. ஆரோவிலின் பிச்சாண்டிக்குளம் குழுவினர் வடிவமைத்து, குப்பையை அகற்றி, நீர்நிலைகளை மீட்டு, உள்ளூர் இனங்களை நட்ட பிறகு, 2011இல் திறக்கப்பட்டது.

அங்கே ஒரு தோட்டப் பணியாளருடன் நடந்தேன். காட்டு எலுமிச்சை இலையைத் திருப்பிக் காட்டினார்: பறவை எச்சம் போல ஒரு புழு. கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளையும் தின்று வளரும் கருப்பு வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. அந்தச் செடியில் ஓட்டையில்லாத இலையைத் தேடத்தான் வேண்டியிருந்தது. மருந்து அடிப்பதில்லை, தையல்சிட்டு குஞ்சுக்கு இரை தேடி வரும் இடம் இது. குரோட்டன்ஸ் வரிசையிலோ கொரியன் புல்தரையிலோ அதற்கு அவ்வளவு இரை கிடைக்காது. புல்தரைக்குக் கோடையில் அன்றாடம் தண்ணீர் வேண்டும். வேரூன்றிய வீரையும் காசானும் மழையை நம்பி நிற்கும்.

உதிர்ந்த இலையைச் செடி அடியிலேயே மூடாக்காக விட்டிருந்தார்கள். ஈரம் காக்கவும் மண்புழுவுக்கும் அது வேண்டும். “பாக்கிறவங்க சுத்தமாவே இல்லையேன்னு கேப்பாங்க. பெருக்குறது சுளுவு சார். எதப் பெருக்கக் கூடாது, எந்த மொளையப் புடுங்கக் கூடாதுன்னு தெரியறதுக்குத்தான் நாளாவும்” என்றார் அவர். களையெடுக்கும்போது முளைத்த வேம்புக்கும் சீமைக்கருவேலத்துக்கும் வேறுபாடு தெரியாத ஆளை அவர் தனியாக விடுவதில்லை.

நாட்டு மரம் நட்டால் பராமரிப்பே வேண்டாம் என்று மேடைகளில் சொல்கிறார்கள். அது அரை உண்மை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீர், களை, மூடாக்கு எல்லாம் வேண்டும். அதற்குப் பின்தான் செலவு குறையும். புயலில் விழாது என்பதும் அப்படித்தான். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் அயல் மரங்களான தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் ஏராளமாகச் சாய்ந்தன. ஆனால் வேர் சுருண்ட நாற்றை நட்டால் நாட்டு மரமும் சாயும். மேற்பார்வையாளர் ஒதுக்கிவைத்த பைகளின் பொருள் அதுதான்.

ஒப்பந்தங்களோ வேறு கணக்கில் ஓடுகின்றன. ஒரு சிறுநகரப் பூங்காவின் மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தேன். செடிக்கு உயரம் இத்தனை அடி, நட இத்தனை நாள் என்று இருந்தது. விதை சேகரிப்புக்கோ நட்ட பின் மூன்றாண்டு கவனிப்புக்கோ ஒரு வரிகூட இல்லை. உயரத்துக்கு மட்டும் பணம் என்றால் மெதுவாக வளரும் வீரை எப்படி உள்ளே வரும்? குச்சி வெட்டி நட்டாலே மளமளவென்று எழும் கோனோகார்பஸ் ஊரெங்கும் பரவியதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு அதை நடத் தடை விதித்தது. தடை ஒரு செடியை வெளியேற்றும். அந்த இடத்துக்கு வரவேண்டிய நாற்றை யாராவது முன்கூட்டியே வளர்த்திருக்க வேண்டும்.

நாற்றங்காலில் சரக்கொன்றை தேய்த்த பெண்ணுக்கும் மண் சுமக்கிறவருக்கும் ஒரே தினக்கூலிதான். பட்டியலில் இருவரும் ‘கூலியாள்’. நம் பூங்காக்களில் நாட்டுச் செடி வேண்டுமென்றால் ஒப்பந்தம் குறைந்தது இரண்டு பருவம் முன்னதாகப் போடப்பட வேண்டும். விதை சேகரிப்பு தனி வேலையாகவும், அதைச் செய்கிறவர் கைவினைஞராகவும் எழுதப்பட வேண்டும். நாவல் பழுப்பது நிதியாண்டைப் பார்த்தல்ல.