காகிதமும் கரைப்பானும்

புதுச்சேரிப் பகுதியின் ஊர்களுள் ஒன்று திருக்கனூர். அவ்வூரின் காகிதக்கூழ்க் கைவினை புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. பயனற்றதென எறியப்படும் பழந்தாள், அங்குள்ள கைவினைஞர் கையில் கூழாகி, உருப்பெற்று, வண்ணம் பூண்டு பொம்மையாகிறது.

கூழாவது வேறு, கரைவது வேறு. சர்க்கரை நீரில் கரைந்து மறைகிறது. தாளின் நாரோ எத்தனை நாள் ஊறினும் பிரிகிறதேயன்றிக் கரைவதில்லை. நார் என்பது செல்லுலோசு என்னும் பொருள். அதன் நீண்ட மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்கின்றன. அப்பிடியை விடுவிக்க நீருக்கு வலிமை இல்லை.

செல்லுலோசைக் கரைத்துச் செயற்கைப் பட்டு இழைக்க விரும்பியோர் கார்பன் டைசல்பைடைத் துணைக்கொண்டனர். 1892-இல் இங்கிலாந்தில் உரிமம் பெற்ற விஸ்கோஸ் முறை இதுவே. எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் அந்நீர்மம், ஆலைத் தொழிலாளர் பலரின் நரம்பையும் மூளையையும் தாக்கியது. ஆடை பளபளத்தது, அதற்கு நூல் தந்தவன் நலிந்தான். அத்தகைய பளபளப்பால் யாருக்கு நன்மை?

ஆவியாகாத கரைப்பான் கிடைப்பின் இத்தீங்கு குறையும் அன்றோ? அதற்கு வழிகாட்டியது உப்பு. நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் கூடியதே உப்பு. சமையல் உப்பின் அயனிகள் நெருங்கி அடுக்குண்டிருத்தலால் அது 801 பாகை செண்டிகிரேடில்தான் உருகும். அயனிகள் பெரியனவாயும் ஒழுங்கற்ற வடிவினவாயும் இருப்பின் அடுக்கு இறுகாது. குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். 1914-இல் பால் வால்டன் என்னும் அறிஞர், 12 பாகையளவில் உருகும் எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றி எழுதினார். 100 பாகைக்குக் கீழ் உருகும் இவ்வகை உப்புகளை அயனி நீர்மங்கள் என்பர். இவற்றுள் பெரும்பாலானவை ஆவியாவது மிக அரிது.

2002-இல், அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ராஜர்சும் உடனாய்வாளரும் அத்தகைய நீர்மம் ஒன்றில் செல்லுலோசைக் கரைத்துக் காட்டினர். நீர்மத்தின் குளோரைடு அயனிகள் ஹைட்ரஜன் பிணைப்பைத் தளர்த்தின. கரைசலில் நீர் சேர்த்தவுடன் செல்லுலோசு மீண்டும் திரண்டு பிரிந்தது. எஞ்சிய நீரை ஆவியாக்கினால் நீர்மத்தை மறுபடியும் பயன்படுத்தலாம்.

எனினும், காற்றைக் கெடுக்காதது நீரையும் கெடுக்காது என்று எண்ணுதல் தவறு. அயனி நீர்மங்களுள் சில மீன் முதலிய நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகின்றன. சில எளிதில் சிதைவதில்லை. அவை சங்கராபரணி போன்றதோர் ஆற்றில் கலப்பின் விளையும் கேடு பெரிது. சேர்த்த நீரை ஆவியாக்கவும் வெப்பம் வேண்டும்; விலையும் மிகுதி. ஆகவே, கேடு குறைந்த அயனிகளைத் தேர்ந்தமைத்தலும், ஒரு துளியும் வீணாகாது மீட்டலும் ஆய்வாளரின் கடமைகளாயின.

திருக்கனூர்க் கைவினைஞர் எறிந்த தாளைப் பொருளாக்குகிறார். அவ்வாறே ஆய்வாளரும் பயன்படுத்திய கரைப்பானை எறியாது மீட்டல் வேண்டும். ஒரு பொருளுக்குப் பசுமை என்னும் பெயர் சூட்டுவது எளிது. அது எங்கே பிறந்து எங்கே சென்று சேர்கிறது என்பதை இறுதிவரை ஆராய்ந்த பின்னரே அப்பெயர் அதற்குப் பொருந்தும்.