பம்ப் போயிட்டுது எண்டு சொன்னவை

2022 ஆவணி. கியூஆர் காட்டி, கிழமைக்கு அளந்து டீசல் அடிச்ச காலம். கிளிநொச்சியில் கத்தரிக்காயும் பூசணியும் ஏத்திக்கொண்டு அப்பாவும் நானும் தம்புள்ளைக்கு வெளிக்கிட்டம். முறிகண்டி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எங்கட பழைய டீசல் பிக்கப் இழுவை குறைஞ்சு, இரண்டு தரம் குலுக்கி, நிண்டுபோச்சு. முறிகண்டியில் தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கித்தான் வெளிக்கிட்டனாங்கள். ஆகையால் பிள்ளையாரில் பழி போடவும் வழியில்லை.

அப்பா பொனற்றைத் திறந்து, பில்டருக்கு மேல இருக்கிற கைப்பம்பை இருபது தரம் அமத்தினார். ஸ்டார்ட் வந்தது. மாங்குளத்துக்குக் கிட்ட திரும்பவும் நிண்டது. அண்டைக்கு நாங்கள் தம்புள்ளைக்குப் போய்ச் சேரேக்க சந்தை முடியிற நேரம். கத்தரிக்காயை வந்த விலைக்குத் தள்ளிவிட்டம்.

அடுத்தநாள் கராஜில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டவை: "அண்ணை, மண்ணெண்ணெய் கலந்து ஓடினீங்களோ?" அப்பா நிலத்தைப் பார்த்தார். டீசலே கிடைக்காத ஆனி மாதத்தில் இரண்டு தரம் கலந்தவர். தொண்ணூறுகளில், தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டின ஆள். அவருக்கு அது பெரிய விசயமாப் படேல்லை. ஆனால் எங்கட வாகனத்தில் இருக்கிற மாதிரி ரோட்டரி டீசல் பம்புக்கு எண்ணெய் தனியாப் போறதில்லை. உள்ளுக்குள்ள ஓடுற டீசல்தான் அதுக்கு உராய்வு எண்ணெயும். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்புக் குறைவு, கூடக் கலந்தால் பம்ப் தேயும். அது உண்மைதான். அதாலதான் "பம்ப் போயிட்டுது" எண்டு சொன்னவுடன நாங்கள் ஒருத்தரும் திருப்பிக் கேக்கேல்லை. செய்த பிழைக்கு ஏத்த தண்டனை மாதிரி இருந்தது. நானும் அப்பாவில் எரிஞ்சு விழுந்தன்.

அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. பம்பைக் கழட்டி, பிரிச்சு, புதுப்பிச்சுப் பூட்ட ஒரு லட்சத்துக்கு மேல முடிஞ்சது. மூன்று நாள் நல்லா ஓடிச்சு. நாலாம் நாள் சுமையோட போகேக்க அதே குலுக்கல், அதே நிற்பாட்டு.

அதுக்குப் பிறகுதான் பரந்தன் பக்கத்தில் ரக்டர் வேலை செய்யிற ஒரு வயசான மெக்கானிக்கிட்டப் போனம். அவர் சாவியைத் தொடவேயில்லை. முதலில் கேட்டது, "டாங்கி நிறைய இருக்கேக்க நிக்கிறதோ, குறையேக்க நிக்கிறதோ?" நான் யோசிச்சுப் பார்த்தன். கராஜில் இருந்து எடுத்தபோது கிழமை டீசல் அடிச்ச கையோட இருந்தது. நாலாம் நாள் கால் டாங்கி. முறிகண்டியிலயும் கால் டாங்கிதான்.

பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த ரப்பர் ஹோஸைக் கழட்டிப்போட்டு, கண்ணாடி மாதிரித் தெரியிற ஒரு பிளாஸ்டிக் ஹோஸைப் பூட்டினார். எஞ்சினை முறுக்கினவுடன அதுக்குள்ள குமிழி குமிழியாக் காத்து ஓடுறதைக் கண்ணால பார்த்தன். பிறகு டாங்கியில் இருந்து வாற லைனை பில்டரில் கழட்டிவிட்டு, ஒரு கானில் டீசல் விட்டு உயர வச்சு, அதில இருந்து நேரா ஓட்டினார். குமிழி இல்லை. எவ்வளவு முறுக்கியும் எஞ்சின் தளரேல்லை. "பிள்ளை, உங்கட பம்பில ஒரு குறையும் இல்லை. வாற வழியிலதான்" எண்டார்.

எனக்கு விளங்காதது, டீசல் ஒரு சொட்டும் ஒழுகேல்லையே எண்டது. இந்த மாதிரிப் பழைய டீசலில் டாங்கியில் இருந்து பம்ப் வரைக்கும் உறிஞ்சுதான் எடுக்கிறது. வெடிப்பு இருந்தால் எண்ணெய் வெளியில வாறதுக்குப் பதிலா காத்து உள்ள போகும். டாங்கியில் மட்டம் குறையக் குறைய, சுமை கூடக் கூட, இன்னும் பலமா உறிஞ்ச வேண்டும். காத்தும் கூடப் போகும். டாங்கியை நிரப்பவே முடியாத வருசத்தில் இந்தக் குறை வெளியில வந்ததில அதிசயம் இல்லை.

லைனின் ஒரு நுனியை அடைச்சு, மற்ற நுனியில் சைக்கிள் பம்பால மெல்லக் காத்தடிச்சு, மூட்டுகளில் சவுக்கார நுரை பூசினார். டாங்கிக்கு மேல, ஒருத்தரும் குனிஞ்சு பார்க்காத இடத்தில், ஒரு சாண் ரப்பர் ஹோஸ். கிளிப்புக்குக் கீழ மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. நுரை அதில மட்டும் ஊதிச்சு. புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் ஆயிரம் ரூபாய் வரேல்லை.

இது எல்லா வாகனத்துக்கும் பொருந்தாது. பெற்றோல் இன்ஜெக்சன் வாகனங்களில் பம்ப் பெரும்பாலும் டாங்கிக்குள்ளேயே மின்சாரத்தில் ஓடும். சாவியைத் திருப்பினவுடன சின்ன இரைச்சல் கேக்குதோ எண்டு பாருங்கோ. கேக்காட்டி முதலில் பியூஸும் ரிலேயும். புதிய கொமன் ரெயில் டீசலில் பம்புக்கு அங்கால இருக்கிற குழாயைக் கைவச்சுக் கழட்டவே வேண்டாம், ஆயிரம் பாரைத் தாண்டின அழுத்தம் தோலைத் துளைக்கும்.

வரேக்க அப்பாவிட்ட மன்னிப்புக் கேக்க நினைச்சன். கேக்கேல்லை. அவர் வழியெல்லாம் அந்த வெடிச்ச ஹோஸைக் கையில வச்சு வளைச்சு வளைச்சுப் பார்த்துக்கொண்டு வந்தார். "மண்ணெண்ணெய் இல்லையாம், என்ன?" எண்டு இரண்டு தரம் கேட்டார். ஓம் எண்டன். சங்கிலியை அடுத்த தையிலதான் மீட்டனாங்கள்.