முதற் பன்னிரண்டு வாரங்கள்

குடல் நோயைப் பற்றி நால்வர் கூடிய இடத்திற் பேசுதல் நாகரிகமன்று என எண்ணும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமெனக் கேட்ட மலர்க்குழுவினர், கல்லூரி நாட்களிற் கண்ட விளையாட்டுப் போட்டிகளையோ மறைந்த ஆசிரியர்களின் மாண்பினையோ நாம் எழுதுவோம் என எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எம்மினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். நாம் எழுதத் துணிந்தது, எல்கடுவ மலையில் இருந்துகொண்டு ஒரு மருந்தோடு கழித்த முதற் பன்னிரண்டு வாரங்களைப் பற்றியே. அம்மருந்துக்குக் காரணமான நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் வெளிப்படுவது. ஆகவே இம்மலரைப் புரட்டும் மாணவருள் ஒருவருக்கேனும் இது பயன்படக் கூடும்.

நோயின் பெயர் குறோன்ஸ். 1932ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து மவுண்ட் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த குறோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் என்னும் மூவர் இதனை விவரித்துக் கட்டுரை வெளியிட்டனர். பெயர்கள் அகரவரிசையில் அச்சானமையால், முதலில் நின்றவரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தன் குடலையே புண்ணாக்கும் விசித்திரம் இது. வயிற்றுவலி, ஓயாத வயிற்றோட்டம், நாளுக்கு நாள் மெலிவு ஆகியன இதன் அடையாளங்கள். இலங்கையில் இஃது அரிது. கொழும்பு, கம்பகா மாவட்டங்களில் நடத்தப்பெற்று 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இலட்சம் பேருக்கு 1.2 என்று கணக்கிட்டது. குடலிற் காணும் காசநோயும் ஏறக்குறைய இதே வேடந் தரித்து வரும். காசநோயாளிக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் விளைவு விபரீதமாகும். ஆதலின் பல பரிசோதனைகளின் பின்னரே வைத்தியர் எமக்கு மருந்தெழுதினார்.

அம்மருந்து அசாதயோபிரின். 1957ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஹிற்சிங்ஸ், கேர்ட்ரூட் எலியன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் ஆக்கியது. பிறர் கொடுத்த சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க 1960களின் தொடக்கம் முதல் பயன்பட்டது. அவ்விருவரும் 1988ஆம் ஆண்டில் நோபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர். எலியன் அம்மையார் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெறாமலே அப்பரிசை எய்தியவர் என்பதை மாணவர் கவனிக்க.

விரைந்து பெருகும் வெள்ளணுக்களின் பெருக்கத்தைத் தடுத்தலே இம்மருந்தின் தொழில். அது மெல்ல மெல்ல நிகழ்வது. முழுப் பயனைக் காண இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். துன்பமோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். நோய் முன்போலவே இருக்க, அதன்மேல் மருந்தின் தொல்லையும் சேர, மருந்தை எறிந்துவிடலாம் என்னும் எண்ணம் நாடோறும் காலையில் எழும். இந்த இடைவெளியைக் கடப்பதே முழுப் பிரச்சினையும் என்று சொல்லிவிடலாம். இடைவெளியை நிரப்புவதற்காகப் பிரட்னிசொலோன் என்னும் வேறொரு வில்லையும் தந்தனர். அது பசியை மூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், முகத்தை ஊதச் செய்யும். எம்மைக் கண்ட அயலார் உடம்பு தேறிவிட்டது என மகிழ்ந்தனர்.

முதல் இரு வாரமும் குமட்டல். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் என ஆரம்பித்த மருந்தை வெறுவயிற்றில் எடுத்த நாளெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வரும் இனிய மணங்கூட எமக்குப் பகையாயிற்று. வைத்தியரிடங் கேட்டு, இரவு உணவு உண்டவுடன் எடுத்துப் படுத்துக்கொள்ளும் முறைக்கு மாறினோம். குமட்டலின் பெரும்பகுதி தூக்கத்திலே கழிந்தது. குழைந்த சோறும் இரசமும் தங்கின. காரமும் பொரியலும் தங்கவில்லை. சோர்வு மட்டும் ஐந்தாம் வாரம் வரை நீங்கவில்லை. தோட்டத்து மேட்டு லயத்திலிருந்து எம்மைப் பார்க்க வந்த மூதாட்டி ஒருவர், "ஒடம்புக்கு ஒத்துக்காத மருந்த ஏன் சாமி திங்கிறீங்க? விட்டுட்டுக் கஞ்சியக் குடிங்க" என்று இரங்கினார். அவர் அன்பு பெரிது. கஞ்சியைக் குடித்தோம், மருந்தையும் விடவில்லை.

ஆயினும் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எவரும் கொள்ளற்க. பொறுமையை ஒரு குணமாகக் கற்பித்த கல்லூரி எம்முடையது. இம்மருந்தின் விஷயத்தில் அக்குணத்துக்கு வரம்பு உண்டு. குமட்டல், தலையிடி, சோர்வு என்பன பொறுக்கத்தக்கவை. மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை பாயும் கடும் வலி பொறுக்கத்தக்கதன்று. கணையம் வீங்கியதன் அறிகுறியாகலாம். அது பெரும்பாலும் முதல் மாதத்திலேயே நேரும்; நேர்ந்தால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும். கண் மஞ்சளித்தல், காரணமின்றித் தோலிற் காயத்தழும்பு போன்ற நீலம் காணல், காய்ச்சல் ஆகியனவும் அவ்வகையின.

இவற்றினும் வஞ்சகமானது எலும்பு மச்சை அடங்குதல். வெள்ளணுக்கள் குறைந்துகொண்டே போகும், உடலில் ஒரு குறியும் தோன்றாது. சிலரது உடலுக்கு இம்மருந்தைக் கழிக்கும் ஆற்றல் பிறப்பிலேயே குறைவு. கிழக்காசிய, தெற்காசிய மக்களிடையே அதற்குக் காரணமாக அதிகம் காணப்படும் மரபணு வேறுபாட்டை 2014ஆம் ஆண்டில் கொரிய ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். ஐரோப்பியரின் அளவை நமக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது என்பது இதனால் விளங்கும். அந்த மரபணுச் சோதனை எமக்குக் கிட்டவில்லை; கிட்டியது வாரந்தோறும் இரத்தப் பரிசோதனையே. விடியற்காலை பஸ்ஸில் வளைவுகளெல்லாம் சுற்றி மாத்தளைக்கு இறங்குதல், இரத்தம் கொடுத்தல், மாலையில் மலையேறுதல் என வாரத்தில் ஒருநாள் அதற்கே போயிற்று. குமட்டலோடு அப்பாதையிற் பயணஞ் செய்தவர்க்கே அதன் அருமை தெரியும்.

மருந்தின் அளவு 100 மில்லிகிராமாக உயர்ந்த பின், ஏழாம் வாரத்தில் வெள்ளணுக்கள் 3,100க்கு இறங்கின. 4,000க்குக் குறையாதிருத்தல் முறை. நாமோ அன்று முன்னைய வாரங்களினும் நலமாகவே உணர்ந்தோம். பரிசோதனை இல்லையேல் அறிந்திருக்க வழியில்லை. வைத்தியர் அளவைக் குறைத்து, பின்னர் ஒருநாள் ஒரு வில்லை, மறுநாள் இரண்டு என அமைத்தார்.

ஒன்பதாம் வாரத்து மழைநாளொன்றில், கடைசி பஸ்ஸும் போன பின், காய்ச்சல் 101 பாகைக்கு ஏறியது. வேறு காலமாயின் கொத்தமல்லி அவித்துக் குடித்துப் படுத்திருப்போம். எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடலுக்கு விடியும் வரை காத்திருத்தல் தகாது என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தனர். எம் இல்லாள் அயலவர் முச்சக்கர வண்டியை வரவழைத்தார். டெங்குக் காய்ச்சலும் வெள்ளணுக்களைக் குறைக்கும், இம்மருந்தும் குறைக்கும். மருந்தின் பெயர் தெரியாத வைத்தியர் எதனால் குறைந்தது என்று எங்ஙனம் அறிவார்? அதற்காகவே பெயர், அளவு, கடைசி மூன்று இரத்த அறிக்கைகள் யாவும் எழுதிய தாளொன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தோம். இரவு பத்தரை மணிக்கு அத்தாளை முதலில் நீட்டினோம். மருந்தைச் சில நாள் நிறுத்தி, இரத்தத்தை மறுபடி மறுபடி நோக்கினர். டெங்கு அன்று. நான்காம் நாள் வீடு திரும்பினோம்.

சிறு செய்திகள் சில. எமது வீட்டுக்கு மலையூற்று நீர் குழாய் வழியே வருகின்றது. இப்போது கொதிக்க வைத்தே அருந்துகின்றோம். இம்மருந்து தோலை வெயிலுக்கு இலக்காக்குவதால் தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் வழக்கமாயின. உயிருள்ள கிருமிகளாலாய தடுப்பூசிகள் ஆகா. மாத்தளை முத்துமாரியம்மன் மாசிமகத் தேரை இம்முறை கூட்டத்துக்குள் நுழையாது வீதியோரத்தில் நின்று வணங்கினோம். ஐந்து தேர்களும் அங்கிருந்தே நன்கு தெரிந்தன.

பழைய மாணவர்க்குத் தனியாக ஒன்று. மூட்டு நோகின்றது என்று நாம் சொல்லக் கேட்ட வகுப்புத் தோழர் ஒருவர், தமது கவுட் நோய்க்கான அலோபியூரினோல் வில்லைகளை எமக்கு வழங்க முன்வந்தார். அது அசாதயோபிரின் உடலிற் கழிவதைத் தடுத்து நஞ்சாக்க வல்லது. எம் வயதினர் ஒருவர்க்கொருவர் வெற்றிலையைப் போல் மாத்திரைகளை நீட்டுகின்றனர். நாம் நன்றி கூறி மறுத்தோம்.

பன்னிரண்டாம் வார இறுதியில் பிரட்னிசொலோன் நின்றது. வயிற்றோட்டம் நாளொன்றுக்கு ஒன்பது முறை என்றிருந்தது இரண்டாயிற்று. நிறை நான்கு கிலோ ஏறியுள்ளது. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. அடுத்தது வரும் மாதம், அதே விடியற்காலை பஸ்ஸில்.