நான் கண்ட பிறை

கட்டாரில் வேலை செய்யும் மாமா விடுமுறையில் வந்தபோது எனக்கு ஒரு தொலைகாட்டி கொண்டுவந்தார். "பௌதிகவியல் படிக்கிற புள்ளக்கி இதுதான் சரி" என்று உம்மாவிடம் சொன்னார். பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த இலக்கத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் இரவு அரைமணி நேரம் பார்த்தும் ஒரே இருட்டு. "வானம் மூட்டமா இருக்கு" என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுத் தம்பி வந்து குழாயின் முன்பக்க மூடியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் பேசாமல் போனான்.

இரண்டாம் இரவு 525 மடங்கையும் ஒரேயடியாகப் பார்த்துவிட நினைத்தேன். 4 மில்லிமீற்றர் பார்வைத்துண்டையும் மும்மடங்கு பார்லோ வில்லையையும் சேர்த்துப் பொருத்திச் சந்திரனை நோக்கினேன். கலங்கிய தண்ணீரில் விழுந்த வெளிச்சம்போல ஏதோ ஆடியது. பிறகுதான் விளங்கியது. என் தொலைகாட்டியின் ஆடி 76 மில்லிமீற்றர். மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்கு என்பது பொதுவான கணக்கு. ஆகவே 150 மடங்குக்கு மேல் அதனால் பயனில்லை. ஆடி சேர்க்கும் வெளிச்சம் ஓர் அளவுதான். ஒரு கோப்பைத் தேநீரில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் தேநீர் கூடாது, சாயம்தான் வெளிறும்.

மூன்றாவது பிழை செவ்வாய்க்கிரகம். இலக்குப் பார்க்கும் சிறு குழாயைப் பெரிய குழாயோடு ஒரே நேராகச் சரிசெய்ய வேண்டும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஒரு சிவந்த புள்ளி அகப்பட்டது. வெகுநேரம் பார்த்துக் கொப்பியில் வரைந்தும் வைத்தேன். மறுநாள் இரவும் அது அதே இடத்தில் அசையாமல் இருந்தது. கையடக்கத் தொலைபேசிக் கோபுரத்தின் உச்சி விளக்கு அது.

இவையெல்லாம் வீட்டுக்குள் சிரித்து முடிந்த கதைகள். நான்காவது அப்படி முடியவில்லை.

2025 பெப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. ஷஃபான் பிறை 29. வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். எங்கள் வீட்டுக்கு மேற்கே கடல். நான் ஆறு மணிக்கே தொலைகாட்டியை மேல்மாடிக்கு ஏற்றி மேற்குப் பக்கம் திருப்பி வைத்தேன். மஃரிப் தொழுதுவிட்டு ஓடிவந்து 20 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் கண்ணை வைத்தேன். வானமெங்கும் மெல்லிய மேகம். குழாயை அங்குமிங்கும் நகர்த்தினேன். திடீரென்று வெள்ளை வெளேரென்று, கூர்மையான இரண்டு கொம்புகளோடு ஒரு பிறை!

கொம்புகள் கீழ்நோக்கி இருந்தன. வானியல் தொலைகாட்டி தலைகீழ் விம்பத்தைத்தான் தரும் என்று வகுப்பில் படித்திருந்தேன். ஆகவே அதுவும் சரியாகவே பட்டது. படியிலிருந்தே கத்தினேன்.

"உம்மும்மா, பொற கண்டாச்சு!"

உம்மும்மா தொழுகை விரிப்பிலிருந்து எழும்பவில்லை. "ஒன்ட கண்ணால கண்டியா மகள்?"

"ரெண்டு கண்ணாலயும் கண்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கையேந்தி அழுதார். முந்திய வருடம் நோயினால் அவருக்கு நோன்பு பிடிக்க முடியாமற் போயிருந்தது. இந்த ரமழானுக்காக எவ்வளவு துஆக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. உம்மா சஹருக்கு அடுப்படியில் ஆயத்தமானார். தம்பி மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சாச்சிக்குச் சொன்னான். குடும்ப வட்ஸ்அப் குழுவில் நானே போட்டேன். பத்து நிமிடத்தில் வாப்பா வந்துவிட்டார். பள்ளிவாசல் முற்றத்தில் யாரோ அவரிடம், "ஒங்கட மகள் பொற கண்டாவாமே?" என்று கேட்டிருக்கிறார்கள்.

வாப்பா பார்வைத்துண்டில் பார்த்தார். நிமிர்ந்தார். பிறகு மெதுவாக, "மகள், அதுலேந்து கண்ண எடுத்துட்டு மேல பாருங்க" என்றார்.

பார்த்தேன். மேகம் கலைந்திருந்தது. குழாய் நோக்கிய திசையில், அடிவானத்திலிருந்து மிக உயரத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி சுடர்விட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிரகம்.

சந்திரனைப்போல வெள்ளிக்கும் வளர்பிறை தேய்பிறை உண்டு. கலிலியோ 1610ஆம் ஆண்டின் இறுதியில் தமது தொலைகாட்டியால் அதைக் கண்டார். வெள்ளி சூரியனைச் சுற்றிவருகிறது என்பதற்கு அதுவே சான்றானது. நானும் அதையேதான் கண்டேன். என்ன கண்டேன் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று வெள்ளியின் விட்டம் ஒரு பாகையின் எழுபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. என் பார்வைத்துண்டு தந்த பெருக்கம் 35 மடங்கு. ஆக ஏறக்குறைய அரைப்பாகை. வெறுங்கண்ணுக்குச் சந்திரன் தெரியும் அளவும் அதுவே! உண்மையான சந்திரனாக இருந்திருந்தால் அதைப்போல 35 மடங்கு பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். மேலும், அன்றைய பிறை சூரியன் மறைந்து அரைமணி நேரத்துக்குள் கடலில் இறங்கிவிடும் இளம்பிறை. அவ்வளவு உயரத்தில் நிற்காது. பாடம் எனக்குத் தெரியும். ஆசைதான் பாடத்தை முந்திக்கொண்டது.

வாப்பா ஏசவில்லை. "கண்டன் எண்டு சொன்னது நீங்க. இல்ல எண்டு சொல்றதும் நீங்கதான் சொல்லோணும்" என்றார். சாச்சி வீட்டுக்குப் போனேன். குழுவில் எழுதினேன். அழைத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது உம்மும்மாவின் அறை வாசல்.

"நான் ஒன்ட கண்ண நம்பினன் மகள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிறை தென்படவில்லை என்ற அறிவித்தல் வானொலியில் வந்தபோது இருவரும் ஒன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை பௌதிகவியல் ஆசிரியையிடம் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "எத்தனை மணிக்கு மேற்கே திருப்பினீர்கள்?" என்று கேட்டார். ஆறு மணிக்கு என்றேன். அப்போது சூரியன் இருந்ததா என்று கேட்டார். எனக்கு வாய் உலர்ந்தது. தொலைகாட்டிக்குள் சூரியன் அகப்பட்டால் கணப்பொழுதில் பார்வை போகலாம், விழித்திரைக்கு வலி தெரியாததால் போவதும் தெரியாது என்று விளக்கினார். தம்பி அன்று என் பக்கத்தில்தான் நின்றான். ஊர் சிரித்த பிழையைவிட, யாருக்கும் தெரியாமல் போன அந்தப் பிழையே பெரியது.

பெரியவர்களும் தவறியிருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் சொந்தச் செலவில் வானாய்வுக்கூடம் கட்டிய பேர்சிவல் லோவெல், வெள்ளியின் மேல் சக்கரத்தின் ஆரைக்கால்கள் போன்ற கோடுகளைக் கண்டு வரைபடமே வரைந்தார். அவர் கண்டது தமது கண்ணின் இரத்தக்குழாய்களின் நிழலாக இருக்கலாம் என்று பிற்காலத்தவர் விளக்கம் சொன்னார்கள். தொலைகாட்டியின் ஒரு முனையில் வானம் இருந்தாலும், மறுமுனையில் இருப்பது மனிதனின் கண்தானே.

சரி, மார்ச் 1ஆம் திகதி மாலைக்கு வருகிறேன். தொலைகாட்டியைத் தூக்கவில்லை. உம்மும்மாவைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக் கூட்டிவந்தேன். மேலே வெள்ளி. அதற்குக் கீழே, மேகத்தின் விளிம்பில், நகக்கீறல்போல ஒரு மெல்லிய வளைவு. எனக்குத் தெரிந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

உம்மும்மா கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையை அழுத்திக் கேட்டார்:

"கண்டியா மகள்?"

"நீங்க முதல்ல சொல்லுங்க உம்மும்மா" என்றேன்.