செஸ் என்ஜின் எழுதும் பேரேடு

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் பழகிப்போன சமாச்சாரம். குறிப்பேட்டில் எல்லாம் தேதி வரிசைப்படி இருக்கும். பேரேட்டில் கணக்கு வாரியாக இருக்கும். செஸ் ஆடும் கம்ப்யூட்டர் தான் கண்டுபிடித்ததை எப்படி வைத்துக்கொள்கிறது தெரியுமா? அதுவும் பேரேடுதான் எழுதுகிறது!

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாகவும் வரலாம், பழனி வழியாகவும் வரலாம். இரண்டு சாலையும் பெருமாள்மலையில் சேர்ந்துவிடும். அதற்குமேல் எந்தப் பஸ்ஸில் வந்தவருக்கும் பாதை ஒன்றுதான். இது பள்ளங்கியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செஸ்ஸிலும் இதே கதைதான். காய்களை வேறு வேறு வரிசையில் நகர்த்தி ஒரே நிலைக்கு வந்து சேரலாம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்குப் போட்டால் நேரம் வீண்.

1970ல் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் என்பவர் இதற்கு ஒரு வழி சொன்னார். எந்தக் கட்டத்தில் எந்தக் காய் என்பதற்கெல்லாம் ஆளுக்கொரு எண். அவற்றைக் கலந்தால் முழுப் பலகைக்கும் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்தான் பேரேட்டில் கணக்கின் பெயர். அதன்கீழ் மதிப்பெண், சிறந்த நகர்த்தல், எவ்வளவு ஆழம் பார்த்தது என்ற விவரம். அதே நிலை மறுபடி வந்தால் புரட்டிப் பார்த்தால் போதும்.

ஆனால் இந்தப் பேரேடு மெமரியில்தான் இருக்கும். புரோகிராமை மூடினால் போச்சு! அதனால் ராபர்ட் ஹயாட் எழுதிய கிராஃப்டி என்ற என்ஜின், மதிப்பெண் திடீரென்று சரிந்த நிலைகளை ஒரு ஃபைலில் சேமித்தது. அடுத்த ஆட்டத்தில் அந்தப் பக்கம் போகும்போதே ஆபத்து தெரிந்துவிடும். போன வருட இருப்பை இந்த வருடத்துக்குக் கொண்டுவருகிற மாதிரி.

2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 இன்னொரு படி போனது. ஏராளமான நிலைகளைக் காட்டிப் பழக்கிய ஒரு நியூரல் நெட்வொர்க் அதற்குள் இருக்கிறது. அந்த நிலைகளில் ஒன்றுகூட அங்கே பத்திரமாக இல்லை. மிஞ்சியவை வெறும் எண்கள். ரசீதுகள் எல்லாம் போய் இருப்பு மட்டும் நின்ற மாதிரி!

இங்கேதான் செஸ் கற்கும் பிள்ளைகளுக்குச் சிக்கல். திரையில் விடை தெரியும், காரணம் தெரியாது. விடையை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிறவன் கதி நமக்குத் தெரியாததா?

சென்னைப் பையன் குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வேறு மாதிரி வளர்த்தார். 2019 ஜனவரியில், 12 வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆகும் காலம் வரை என்ஜின் பக்கம் அதிகம் போகவிடவில்லை. தானே யோசி, தானே தப்பு செய், தானே கண்டுபிடி என்பதுதான் பாடம். பிறகு எல்லாரையும் போல அவரும் என்ஜினைப் பயன்படுத்தினார். ஆனால் ரசீது எழுதப் பழகிய பிறகு!

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14வது ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் என்ஜின் கணக்கில் அது டிரா. 18 வயதுப் பையன் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55வது நகர்த்தலில் டிங் லிரென் தவறினார். குகேஷ் உலக சாம்பியன்!

எதிரே உட்கார்ந்திருப்பவர் எப்போது களைத்துப்போவார் என்பது மட்டும் எந்தப் பேரேட்டிலும் இல்லை. அதை ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.