ஞாயிறு காலையில் தட்டு மாற்றியவருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கிறவனுக்குத் தெரியாமல் இருப்பதுதான் உங்கள் வேலையின் இலக்கணமே. அந்த வாரத்தின் நாற்பது பாட்டுகளைக் கீழிருந்து மேலாக வரிசைப்படி போட்ட 'அமெரிக்கன் டாப் 40' வானொலி நிகழ்ச்சி என்றாலே எல்லாரும் கேசி கேசமைத்தான் சொல்வார்கள். அது நியாயம்தான். 1970 ஜூலையில் ஏழே நிலையங்களில் தொடங்கிய நிகழ்ச்சி நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அவருடைய கரகரப்பான குரல்தான் முதல் காரணம். 2014 ஜூனில் அவர் காலமானபோது உலகமே அவருக்கு நன்றி சொல்லிவிட்டது. உங்களுக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்தியானாவில் சோளக்காட்டு நடுவே ஒரு சின்ன நிலையம். வாரக்கடைசியில் அங்கே இருந்தது நீங்கள் ஒருவர்தான். அப்போது நீங்கள் பள்ளிக்கூடம் படிக்கிற பையனாக இருந்திருப்பீர்கள். நான் மேல்படிப்புக்காக வந்து இறங்கியிருந்தவன். அந்த உரிமையில்தான் தம்பி என்கிறேன். இன்றைக்கு உங்களுக்கும் அறுபது தாண்டியிருக்கும்.

கேட்கிறவர்களுக்குக் கேசியின் நிகழ்ச்சி நேரலை மாதிரியே இருக்கும். உண்மையில் அது தபாலில் வந்த சரக்கு. பில்போர்டு பத்திரிகையின் பாட்டுப் பட்டியல் கடைக்கு வருமுன்பே, நிகழ்ச்சியைத் தயாரித்த வாட்டர்மார்க் நிறுவனத்தார் கைக்கு வந்துவிடும். கேசி லாஸ் ஏஞ்சலிஸில் உட்கார்ந்து பேசிப் பதிவார். பேச்சையும் பாட்டையும் சேர்த்து எல்.பி. ரெக்கார்டுகளாக அடித்து ஊர் ஊராக அனுப்புவார்கள். 1978 அக்டோபரில் நிகழ்ச்சி நான்கு மணி நேரமானது; அப்புறம் வாரத்துக்கு நாலு தட்டு, எட்டுப் பக்கம். கூடவே எந்த வார்த்தையில் நிறுத்துவது, எத்தனை நிமிஷம் ஓடும் என்று குறித்த தாள்.

மிச்சமெல்லாம் உங்கள் பாடு. ஒரு டர்ன்டேபிளில் தட்டு ஓடும்போதே அடுத்ததில் முள்ளை வைத்து, விரலால் தட்டை முன்னும் பின்னும் அசைத்து, முதல் சத்தத்தைப் பிடித்து, கால் சுற்றுப் பின்னுக்கு இழுத்து நிறுத்தியிருப்பீர்கள். நடுவில் உள்ளூர் விளம்பரம், வானிலை. அதற்கும் நடுவில் டிரான்ஸ்மிட்டர் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதியாக வேண்டும். நாலு மணி நேரம் கழிப்பறைக்குப் போவதென்றால்கூட நீளமான பாட்டு வரும்வரை காத்திருக்க வேண்டிய உத்தியோகம்.

ஒரு ஞாயிறு நீங்கள் பக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டீர்கள். இருபத்தாறாவது பாட்டு முடிந்ததும் கேசி சற்றும் கூச்சமில்லாமல் இருபதாவது பாட்டை அறிவித்தார். பின்பாதியில் ஒன்றுமே நடக்காதது போல இருபத்தைந்து வந்தது. எங்கள் அறையில் மூன்று பேர் விழுந்து விழுந்து சிரித்தோம். ரேடியோவுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜா குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். அறிவிப்பாளருக்காகவே ரேடியோவைத் திருப்புவது எனக்குப் புதிதல்ல. அதே இலங்கை வானொலியில் 1952-லேயே அமீன் சயானி 'பினாக்கா கீத்மாலா' தொடங்கிவிட்டார். பாட்டுக்கு வரிசை போட்டு வாரம் முழுக்கக் காக்க வைக்கும் கலையை அமெரிக்காக்காரர்களிடம்தான் நாம் கற்றோம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் கேசியிடம் வேறொரு வித்தை இருந்தது. விளம்பரத்துக்கு முன்னால் பாடகரைப் பற்றி ஒரு புதிர் போட்டுவிட்டுப் போய்விடுவார். 1962-ல் ஓக்லண்ட் நிலையம் ஒன்றில் வேலை பார்த்தபோது, பாணியை மாற்று என்று மேலாளர் சொல்ல, குப்பைத்தொட்டியில் கிடந்த பாடகர் விவரப் புத்தகம் ஒன்றைப் பார்த்து இந்த யோசனை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். டெட்ராய்ட்டில் லெபனான் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஒவ்வொரு சொல்லையும் முழுசாக உச்சரிப்பார். அமெரிக்க ஆங்கிலம் எனக்குப் பிடிபட்டது வகுப்பில் அல்ல, அவரிடம்.

நான் ராக் பைத்தியம். பட்டியலோ யாருக்கும் தயவு பார்க்காது. லெட் செப்பலினின் 'ஸ்டெர்வே டு ஹெவன்' அமெரிக்காவில் தனித்தட்டாக விற்பனைக்கு வரவில்லை. ஆகவே அந்தப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. 1981 நவம்பர் கடைசியில் ஃபாரினர் குழுவின் 'வெயிட்டிங் ஃபார் எ கேர்ள் லைக் யூ' இரண்டாம் இடத்துக்கு ஏறியது. முதலிடத்தில் ஒலிவியா நியூட்டன்-ஜானின் 'ஃபிசிக்கல்'. அடுத்த வாரமும் அப்படியே. கிறிஸ்துமஸ் வந்தது, பனி கொட்டியது, புது வருஷம் பிறந்தது, ஒலிவியா நகரவில்லை. இப்படி ஒன்பது வாரம். பத்தாவது வாரம், 1982 ஜனவரி 30 தேதியிட்ட பட்டியலில், ஒரு வழியாக ஒலிவியா இறங்கினார். கீழேயிருந்து ஹால் அண்ட் ஓட்ஸ் தாவி முதலிடத்தில் உட்கார்ந்தார்கள். ஃபாரினர் மறுபடி இரண்டு. சொந்த அண்ணனுக்குப் பதவி உயர்வு தப்பியதுபோல அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 1985 பிப்ரவரியில் வேறொரு பாட்டோடு அவர்கள் முதலிடம் பிடித்தபோது எனக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷமில்லை.

இதற்குத்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன். 'ஃபிசிக்கல்' பாட்டை ஒரு வாரம்கூட நீங்கள் தாண்டிப் போகவில்லை. உங்களுக்கும் அது சலித்திருக்கும். பதினாறு பதினேழு வயதுப் பையனுக்கு முள்ளைத் தூக்கி அடுத்த துண்டில் வைக்க எவ்வளவு நேரம்? வைக்கவில்லை. கன்ட்ரி பாட்டு, சோல், டிஸ்கோ, அழுமூஞ்சிக் காதல் பாட்டு என்று எனக்கு ஆகாத அத்தனையும் கேட்டுத்தான் என் ராக் பாட்டுக்கு வந்து சேர முடிந்தது. கென்னி ராஜர்ஸை நானாகத் தேடிப்போய்க் கேட்டிருக்கவே மாட்டேன். இன்றைக்கு அவர் பாட்டு மனப்பாடம். இப்போது என் போன் எனக்குப் பிடித்ததை மட்டுமே பொறுக்கிப் போடுகிறது. எனக்குப் பிடித்தது எனக்குத்தான் முன்பே தெரியுமே!

நெடுந்தூர நேயர் விருப்பத்தையும் சொல்லியாக வேண்டும். 1978-ல் தொடங்கிய பகுதி அது. பிரிந்து போனவர்களுக்காக ஒரு கடிதம், ஒரு பாட்டு. பாதிக் கடிதங்களில் சர்க்கரை கொஞ்சம் அதிகம். ஆனாலும் வீட்டை விட்டு எட்டாயிரம் மைல் தள்ளி வந்திருந்தவனுக்கு அப்படிக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை.

அந்த நிகழ்ச்சிகளையெல்லாம் இப்போது மறு ஒலிபரப்பில் கேட்க முடிகிறது. ஒலி அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. ஆனால் கேசி புதிர் போட்டு முடித்ததும், விடைக்கு நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கையில், உங்கள் ஊர் டிராக்டர் கடைக்காரர் தன் சொந்தக் குரலில் மூச்சு வாங்கப் பேசுவாரே, அந்த விளம்பரம் மட்டும் எங்கேயும் இல்லை. நான் கேசட்டில் பதிந்தபோது, விளம்பரம் வந்ததும் புத்திசாலித்தனமாக நிறுத்திவிடுவேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடா ஏதாவது கிடந்தால் பாருங்கள், தம்பி. பாட்டு வேண்டாம். அவர் பேசியது இருந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் பழைய நேயர்