எங்கள் ஊரில் நாங்கள் அதிகம்

"எலெக்‌ஷனே வேணாம், கலெக்டர் கையில குடுத்துட்டா நாடு உருப்பட்டுடும்" என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மேல்விஷாரத்தில் அவர்களோடு வாதாட வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் கேட்டது இங்கே நடந்தே விட்டது. 2011 அக்டோபரில் தேர்ந்தெடுத்த நகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. வழக்கு, வார்டு மறுவரையறை, புது மாவட்டம் என்று ஒவ்வொன்றாக வந்து, தமிழ்நாட்டு நகரங்களுக்கெல்லாம் அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்துக்கும் மேலான காலம் தனி அலுவலர் ஆட்சி.

குறை சொல்ல மாட்டேன். வந்த அலுவலர்கள் படித்தவர்கள், மரியாதை தெரிந்தவர்கள். என் நரைத்த தாடியைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொல்வார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும். அந்த ரசீதோடு அடுத்த முறை போனால் நாற்காலியில் வேறொருவர் இருப்பார். அவரும் நாற்காலி போடச் சொல்வார். பழைய கவுன்சிலர் ஒருவர் இருந்தார். மரியாதையும் கிடையாது, ரசீதும் கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் வாசலில் செருப்பைத் தேடும் நேரம் பார்த்துப் பிடித்துக்கொள்வோம். செருப்பு கிடைக்கும் வரை மனிதர் எங்கும் போக முடியாது. அதற்குள் குழாய், சாக்கடை, விளக்கு மூன்றையும் சொல்லி முடித்துவிடலாம். வேலை நடந்ததா என்றால் பாதி நடந்தது. மீதிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை.

1967 தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை. அப்போதெல்லாம் 21 வயது ஆக வேண்டும். ஓட்டு இல்லாவிட்டால் என்ன, தொண்டை இருந்தது. காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் அண்ணாவோடு சேர்ந்துவிட்டார், ரூபாய்க்கு மூன்று படி அரிசி வரப்போகிறது என்று ஆற்காட்டுச் சாலையில் கத்திக்கொண்டு போன கூட்டத்தில் நானும் ஒருவன். ஜெயித்தால் மறுநாள் காலையில் அரிசி வந்துவிடும் என்றே நினைத்தேன். மூன்று படியை லட்சியம் என்றும் ஒரு படியை நிச்சயம் என்றும் பிரித்துச் சொல்லியிருந்தார்கள். அந்த நுணுக்கம் கத்துகிறவன் காதில் விழுமா? கடைசியில் அந்த ஒரு படி சென்னைக்கும் கோவைக்கும் போயிற்று. விஷாரத்துக்கு வரவில்லை.

ஆனாலும் அந்த வருடம் ஒன்றைப் பார்த்தேன். இருபது வருடம் ஆண்ட கட்சி ஒரே நாளில் வீட்டுக்குப் போயிற்று. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். விருதுநகரில் காமராஜரையே ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். எங்கும் துப்பாக்கி வெடிக்கவில்லை, யாரும் கோட்டையைப் பூட்டிக்கொள்ளவில்லை. காமராஜர் தோற்றதற்கு என் அத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மகனோ சர்பத் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நல்ல மனிதரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்பது இந்த முறையின் கோளாறு. யாரையும் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது அதன் அருமை. இரண்டும் ஒரே வீட்டில் நடந்ததால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு வேலை. டேனரியில் கணக்கு எழுதினேன். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் மலையேறி, குரோம் வந்து, டிரம்மிலிருந்து எடுக்கும் தோல் நீலமாக வர ஆரம்பித்தது. வாய்க்காலும் அதே நீலத்தில் ஓடியது. உப்புத் தோலைக் கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்பதில் அர்த்தமில்லை; பாலாறு பக்கத்திலேயே இருந்தது. கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரித்தன. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள். முதலாளியிடம் நன்கொடை, தொழிலாளியிடம் ஓட்டு. இரண்டு பேருக்கும் டேனரி நடந்தாக வேண்டும். அதை எதிர்த்து மேடையில் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? ஆற்றுக்கு ஓட்டு கிடையாது.

வேலூரில் சிலர் சேர்ந்து 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு என்று இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்களாம். எங்களுக்கு அது டேனரிக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அதைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஒரு காலை முழுக்க யோசித்தேன். மராமத்தா, வரியா, தருமமா? முதலாளி எட்டிப் பார்த்து, "இதர செலவுன்னு போடுங்க" என்றார். ஒரு ஆற்றின் கதை இதர செலவில் முடிந்தது.

அப்போது டீக்கடையில் ஒரு கட்சி உருவாயிற்று. ஓட்டு வாங்காத நீதிபதி சொன்னதைத்தானே ஓட்டு வாங்கியவர்கள் இத்தனை நாளாகச் சொல்லவில்லை, ஆகவே நீதிபதிகளே ஆளட்டும் என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் புதைந்து போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்த பிள்ளைகள். அவர்களுக்கும் இங்கே ஓட்டு கிடையாது. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நல்ல தீர்ப்பு வந்தாலும் அதைத் தினமும் கேட்டு வாங்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் யார் என்று சுற்றிச் சுற்றித் தேடினால் செருப்புத் தேடும் கவுன்சிலரிடம்தான் வந்து நிற்கிறோம்.

2019 எங்கள் பக்கத்துக்கு விநோதமான வருடம். எங்கள் ஊர் அரக்கோணம் தொகுதி. ஏப்ரல் 18ஆம் தேதி நாங்கள் ஓட்டுப் போட்டோம். பக்கத்து வேலூர் தொகுதியில், கட்சிக்காரர் ஒருவருக்கு வேண்டியவரின் குடோனில் சுமார் 11 கோடி ரூபாய் பிடிபட்டதால், இரண்டு நாள் முன்னால் தேர்தலே ரத்து. ஆனால் அதே தொகுதிக்குள் இருக்கும் ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல் அன்றைக்கே நடந்தது. அதாவது ஆம்பூர்க்காரர் எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போடுகிற அளவுக்கு யோக்கியர், எம்.பி.க்குப் போடுகிற அளவுக்கு இல்லை. ஆம்பூர் சம்பந்தி வீட்டில் இதை எப்படிச் சொல்லிச் சிரித்தார்கள் தெரியுமா? பணம் வைத்திருந்தவர் யாரோ, ஓட்டுப் பறிபோனது இவர்களுக்கு. ஆகஸ்ட் 5ஆம் தேதி மறுபடி தேர்தல் வந்தபோது பிரதான வேட்பாளர்கள் இருவரும் அதே இருவர்தான். வித்தியாசம் 8,141 ஓட்டு.

பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் உடனே உத்திரமேரூருக்குப் போய்விடுவார். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கவே முடியாது என்ற விதி. கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் அந்த விதியை நானும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் சொந்தமாக வரி கட்டும் நிலம் வேண்டும், வேதம் தெரிய வேண்டும் என்றும் அதே கல்வெட்டில்தானே இருக்கிறது! அந்தக் குடத்தில் என் பெயர் விழாது, மேஸ்திரி பெயரும் விழாது.

மேஸ்திரி எங்கள் நகராட்சிக்குள்ளேயே இருக்கும் கீழ்விஷாரம், ராசாத்துபுரத்துக்காரர். நான் கணக்கு எழுதிய டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலை பார்த்தவர். விரல் நுனியெல்லாம் இன்றைக்கும் வெளுத்துத்தான் இருக்கும். வேலூரில் ஓட்டுப் பதிவு நடந்த அதே ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் டெல்லியில் காஷ்மீரை இரண்டாகப் பிரித்து மாநில அந்தஸ்தை எடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். அங்கே சட்டமன்றமே இல்லாத நேரம். சாயங்காலம் டீக்கடை டிவியில் அது ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா மேஸ்திரி? எண்ணிக்கை இருந்தா எதை வேணா செய்யலாமா?" என்று ஆரம்பித்தேன். நாட்டில் நாங்கள் நூற்றுக்குப் பதினான்கு, தமிழ்நாட்டில் ஆறு. அரசியல் நிர்ணய சபையிலேயே இஸ்மாயில் சாகிப் தனி வாக்காளர் தொகுதி கேட்டு, மறுத்துவிட்டார்கள் என்றெல்லாம் போய்க்கொண்டே இருந்தேன்.

மேஸ்திரி டீயைக் குடித்து முடித்தார். "பாய், கோச்சிக்காதீங்க. நீங்க டெல்லியைப் பார்த்துச் சொல்றத நான் இந்த ஊரைப் பார்த்துச் சொன்னா மட்டும் ஏன் கசக்குது? முனிசிபாலிட்டி நடந்தப்போ எங்க பக்கம் எத்தனை வார்டு, உங்க பக்கம் எத்தனை? நாங்க எல்லாரும் சேர்ந்து கை தூக்கினாலும் எண்ணிக்கை வருமா? தனிப் பஞ்சாயத்து குடுங்கன்னு எத்தனை வருஷமா கேக்கறோம். கேட்டா ஊரைப் பிரிக்கறான்னு சொல்றீங்க."

தெரியாத விஷயம் இல்லை. கீழ்விஷாரத்தில் பெரும்பாலும் இந்துக்கள், மேல்விஷாரத்தில் நாங்கள் அதிகம்; அந்தத் தனிப் பஞ்சாயத்துக் கோரிக்கை நீதிமன்றம் வரை போனதை நாடே படித்தது. வெளியூர்த் தலைவர்கள் வந்து அதில் குளிர் காய்ந்ததையும் பார்த்தோம். மதத்தைப் பார்த்து ஊருக்குக் கோடு போட்டால் எங்கே போய் நிற்கும் என்ற பயம் எனக்கு இன்றைக்கும் உண்டு. அதை மேஸ்திரியிடமும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "கோடு போடச் சொல்லி எனக்கு மட்டும் ஆசையா? எங்க தெருவுக்குத் தண்ணி ஒழுங்கா வந்திருந்தா கோடு யாருக்கு வேணும்?" என்றார்.

டேனரியில் தோலை எண்ணுவது ஒரு வேலை, தரம் பார்ப்பது இன்னொரு வேலை. எண்ணிக்கை சரி என்பதால் சரக்கு சரி என்று எந்த முதலாளியும் கையெழுத்துப் போட மாட்டார். ஓட்டு எண்ணி முடித்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் எங்கள் டீக்கடையில் எந்தக் கட்சியும் பேசாத கோளாறு. ஜெயித்தவன் யார் என்று எண்ணிக்கை சொல்லிவிடும். தோற்றவன் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர் விடுவது என்று அது சொல்லாது. அதற்குச் சட்டம் கொஞ்சம் வேண்டும், வெட்கம் நிறைய வேண்டும். எனக்கு அன்றைக்கு அந்த வெட்கம் வந்ததா என்று மேஸ்திரியைத்தான் கேட்க வேண்டும். டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

2022இல் ஒருவழியாக ஓட்டுப் போட்டோம். பாதி இடம் பெண்களுக்கு. முதலில் கொஞ்ச நாள், கவுன்சிலரம்மாவுக்கு போன் போட்டால் வீட்டுக்காரர் எடுத்து "சொல்லுங்க, நான்தான் பார்க்கிறேன்" என்பார். இப்போது அந்தம்மாவே எடுக்கிறார். சில நேரம் நம்மையே இரண்டு வார்த்தை திட்டுகிறார். ஜும்ஆவில் பிடிக்க முடியாது என்பது ஒன்றுதான் எனக்குக் குறை. ரேஷன் கடை வரிசையில் பிடிக்கலாம் என்று என் வீட்டம்மா ஒரு வழி சொல்லியிருக்கிறாள். பிடித்தும் காட்டினாள், தெருமுனையில் விளக்கு எரிகிறது.

இந்த மன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. உரிய தேதியில் அடுத்த தேர்தல் நடக்காது என்கிறார் மேஸ்திரி. நடக்கும் என்கிறேன் நான். பந்தயம் ஒரு மாதத்து டீ.